உப்புப் பார்க்கச் சொன்னவர்

தலைமையேற்றிருக்கும் பெற்றோர் குழுத் தலைவர் திருமதி வசந்தகுமாரி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆம்ப்ரோஸ் அண்ணன் அவர்களே, அவர் மகன் தம்பி மார்வின், சிங்கப்பூரின் கிழக்குக் கோடியான பாசிர் ரிஸ்ஸிலிருந்து ரயில் மாறித் தேக்காவரை வந்திருக்கும் பெற்றோர்களே, சக ஆசிரியர்களே, வணக்கம்.

இந்த மண்டபத்தின் வாசலில் என்னிடம் பலர் கேட்டீர்கள். "இளமதி, சாப்பிட்டீங்களா?"

நம் வழக்கம் அது. கல்யாணத்திலும் கேட்போம். துக்கத்திலும் கேட்போம். நான் "சாப்பிட்டேன்" என்றேன். சாப்பிடவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஒருவரை எனக்குத் தெரியும். மறைந்த அவர் நினைவுக்காகத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

திருமதி ஜோசபின் ஆம்ப்ரோஸ். ஆம்ப்ரோஸ் அண்ணனின் மனைவி. எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியர். புதன்கிழமைகளில், முதல் மணி அடிப்பதற்கு முன், கேண்டீனில் ஆளில்லாத ஒரு கடையைத் திறந்து, பிள்ளைகளோடு சேர்ந்து காலை உணவு சமைத்தவர். கொண்டையில் ஒரு பேனா. தோளில் ஒரு துண்டு. நெய்யில் மிளகு பொரியும் வாசனை, விடியாத வானம்.

அது சமையல் வகுப்பா? அறிவியல் வகுப்பா? நான் கேட்டிருக்கிறேன். "பசி வகுப்பு லா" என்று சிரித்தார்.

ஒருமுறை கேட்டார்: "கறிவேப்பிலை எங்கேருந்து வருது?"

"ஃப்ரிட்ஜ்லேருந்து டீச்சர்," என்றான் ஜெய்.

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு பேருந்தில் வந்தார். "ஜெய், ஃப்ரிட்ஜுக்கு முன்னாடி இது இங்க இருந்துச்சுடா. தண்ணி ஊத்துறது இனிமே உன் வேலை." இன்றும் அவன்தான் ஊற்றுகிறான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அழகேசன் அண்ணன் அதோ அமர்ந்திருக்கிறார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு எங்களோடு வெங்காயம் உரிப்பவர். இதைச் சொல்லச் சொன்னதே அவர்தான்.

ஒரு புதன்கிழமை. அன்று அடுப்பில் பொங்கல். ஒரு சிறுமி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லமாட்டேன். டீச்சர் சொல்லியிருக்கமாட்டார்.

அழகேசன் அண்ணன் அன்பாகத்தான் கேட்டார். "வீட்ல சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன் அங்கிள். தோசை."

அவ்வளவுதான். எல்லாருக்கும் பொங்கல் பரிமாறினாள். தன் தட்டை மட்டும் கவிழ்த்து வைத்தாள். "ஃபுல் அங்கிள். வேணாம்."

டீச்சர் அடுப்படியிலிருந்து அவளைப் பார்த்தார். பிறகு கூப்பிட்டார். "இங்க வா. எனக்குச் சளி, நாக்கே சரியில்ல. உப்பு பாத்துச் சொல்லு."

ஒரு கரண்டி. "சரியா இருக்கு டீச்சர்."

"ஒரு கரண்டில எப்படித் தெரியும்? இன்னொண்ணு." கொடுத்தார். "அடியில வேற மாதிரி இருக்கும். ஒரு கிண்ணத்துல எடுத்துக்க. உக்காந்து நிதானமா பாத்துச் சொல்லு."

கிண்ணம் காலியானது. அந்தப் பிள்ளை வந்து சொன்னாள்: "இப்ப கரெக்டா இருக்கு டீச்சர்."

பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு அழகேசன் அண்ணன் கேட்டார். "சாப்பிட்டியான்னு கேட்டது தப்பா டீச்சர்?"

"தப்பில்லண்ணே. ஆனா அவ ஒரு பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு. அந்தப் பொய்யக் காப்பாத்த அவ பட்டினி கிடக்கணும்."

அதற்குப் பிறகு அந்த அடுப்படியில் யாரும் யாரையும் கேட்டதில்லை. எல்லாரும் உப்புப் பார்த்தோம். பசித்தவரும் பார்த்தார். பசிக்காதவரும் பார்த்தார். யார் எவர் என்று அந்த அறைக்குத் தெரியாது. இதைவிடப் பெரிய மரியாதையை நாம் ஒரு குழந்தைக்குக் கொடுத்திருக்கிறோமா?

போன புதன்கிழமை அடுப்பு எரியவில்லை. யாரும் வரச்சொல்லவில்லை, ஆனாலும் பிள்ளைகள் வந்தார்கள். மூடிய கடைக்கு முன்னால் பையோடு நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் "சாப்பிட்டீங்களா" என்று என் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்த இடத்தில் நான் வேறு என்ன பேசுவது? அவர் குரல் வேண்டியிருந்தது. பேனா குத்திய அந்தக் கொண்டை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. இன்னும் வேண்டியிருக்கிறது.

தலைவர் அவர்களே, பெற்றோர் குழுவில் ஒரு யோசனை இருப்பதை அறிவேன். புதன்கிழமைச் சமையலை நிறுத்திவிட்டு, காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகளை விசாரித்து, அவர்களுக்கு மட்டும் ரொட்டியும் பாலும் கொடுக்கலாம் என்று. நல்ல மனத்தோடு சொன்னதுதான். ஆனால் அது ஒவ்வொரு பிள்ளையிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கும். சிலர் "தோசை" என்பார்கள். தட்டைக் கவிழ்த்து வைப்பார்கள்.

முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள். நாங்கள் சொல்லக்கூடியது ஒன்றுதான். கடையின் கதவைத் திறந்துவிடுங்கள். அடுப்பை நாங்கள் மூட்டுகிறோம். நானும் அழகேசன் அண்ணனும் இந்தப் பிள்ளைகளும். டீச்சர் மூட்டிய நேரத்திலேயே, அவர் செய்தபடியே. இது அவருக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு.

இந்த மண்டபத்தின் பின்கட்டில் பிள்ளைகள் பொங்கல் செய்திருக்கிறார்கள். இதோ, வாசனை வருகிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

ஆம்ப்ரோஸ் அண்ணா, உங்களுக்கென்று ஒரு பிள்ளை தனியாக ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருக்கிறாள். அவளுக்குச் சளியாம், நாக்கு சரியில்லையாம். நீங்கள் உட்கார்ந்து, நிதானமாக, உப்புப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.