துரும்பு கிள்ளியவள்

"அலோ... அலோ... மறுக்கா சொல்லுங்கண்ணா, மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது... ஆமா... ஆமாமா, நாந்தான் கிள்ளினேன்... இல்லீங்கண்ணா, யாரும் என் கையைப் புடிக்கல. யாரும் மெரட்டல. நானாத்தான் கிள்ளினேன்... ஏனுங்கண்ணா, அதைப் போயி நாளைக்குக் கோர்ட்டுல கேப்பாங்களா?"

ருக்குமணி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மலைமேல் செம்மேட்டில் காட்டிலாகா பங்களாவில் மட்டும்தான் டெலிபோன் இருந்தது. மரத்துக்கு மரம் கம்பி கட்டி அடிவாரம் வரை இழுத்திருந்தார்கள். மழை பெய்தால் குரல் ஏதோ கடலுக்கு அப்பாலிருந்து வருவதுபோல் வரும். அந்தக் குரல் அவளுடைய அண்ணன் ராசப்பனுடையது. சேலத்தில் வக்கீல் வீட்டில் இருந்து பேசினான். இந்தப் பக்கம், வாசல் வராந்தாவில், காட்டுக் காவல் கார்டு முத்தன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மழையைப் பார்த்தபடி நின்றான். உரக்கப் பேசினால்தான் அண்ணனுக்குக் கேட்கும். உரக்கப் பேசினால் முத்தனுக்கும் கேட்கும்.

"சொல்லுங்கண்ணா... சீவனாம்சம்... ஆமா, பொண்டாட்டிக்குத்தான் சீவனாம்சம். அது எனக்கும் தெரியும்... என்னது?... அவரா? மலை வழக்கம்னு அவரு வாயால சொன்னாரா?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அவள் புருஷன் மாதேஸ்வரன் இதே மலையில் எடப்புளி நாட்டில் பிறந்தவன்தான். மிளகும் காப்பியும் வாங்கி விற்று, சேலத்தில் மாடி வீடும் மோட்டாரும் வந்த பிறகு, மலை என்ற சொல்லே அவனுக்குக் கசந்துபோனது. எந்த ஊர் என்று கேட்பவர்களிடம் நாமக்கல் பக்கம் என்பான். விருந்தாளிகள் வந்தால், பேச்சில் மலை தெரிந்துவிடும் என்று அவளை உள்ளே இருக்கச் சொல்லிவிடுவான். டவுன் பெண் ஒருத்தியை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு, மாடியில் பின்பக்கத்து அறையை எடுத்துக்கொள் என்று ருக்குமணியிடம் சொன்னான். அவள் மலையேறி வந்துவிட்டாள். மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் அவனுடைய காப்பிக் கிடங்கை ஒட்டி ஒரு வீடு இருந்தது. அதில்தான் இருக்கிறாள்.

அப்புறம் ஒருநாள் அவனும் டோலியில் ஏறி மலைக்கு வந்தான். அந்த நாட்டுக்குத் தலைவரான நாட்டார் அப்பாசாமியைப் பார்த்து, தீர்த்துக்கொள்ளலாம் என்றான். அப்பாசாமி அவளுக்குப் பெரியப்பா முறை. மலையில் புருஷனும் பொண்டாட்டியும் பிரிவதற்குப் பேப்பர் கிடையாது, வக்கீல் கிடையாது. கோயில் முன்னால் நாட்டார் ஒரு வைக்கோல் துரும்பைக் கொடுப்பார். பிரிய நினைக்கிறவர் அதை இரண்டாகக் கிள்ளிப் போட வேண்டும். அதோடு சரி. யாருக்கும் யாரும் கடமைப்பட்டவர் இல்லை. அன்றைக்குத் துரும்பை அவளிடம் நீட்டச் சொன்னவன் மாதேஸ்வரன். நீயே கிள்ளு, உனக்கு அந்த மரியாதை உண்டு என்றான். அவளும் கிள்ளினாள். விரல்களுக்கு நடுவே அது இருந்ததே தெரியவில்லை, அவ்வளவு லேசு. வீட்டுக்கு வரும் வழியில் சந்தையில் பலாச்சுளை வாங்கித் தின்றாள். கல்யாணமான பிறகு யாரையும் கேட்காமல் அவள் வாங்கித் தின்றது அதுதான் முதல் தடவை. மழை விட்ட வானம் அன்றைக்கு அவளுக்காகவே திறந்து வைத்த கதவு மாதிரி இருந்தது.

"இருக்கறேனுங்கண்ணா... துரும்பு கிள்ளிட்டா பொண்டாட்டி இல்ல... பொண்டாட்டி இல்லீன்னா சீவனாம்சம் இல்ல... புரியுது, புரியுதுங்க. ஆனா நீங்கதானே சொன்னீங்க? வைக்கோலெல்லாம் கோர்ட்டுப் படி ஏறாது கண்ணு, நீ பேசாம இருன்னு... நான் குத்தம் சொல்லலீங்க. சொன்னீங்களா இல்லியா, அதைத்தான் கேக்கறேன்."

வழக்குப் போட்டதே ராசப்பன்தான். புருஷன் இன்னொருத்தியைக் கட்டினால் முதல் மனைவி தனியாக இருந்துகொண்டு சீவனாம்சம் வாங்கலாம் என்று போன வருடம் புதிதாகச் சட்டம் வந்திருக்கிறது, விடக்கூடாது என்று அவன்தான் குதித்தான்.

"என்னங்கண்ணா?... இல்லைன்னு சொல்லணுமா? கிள்ளவே இல்லைன்னா? கிள்ளியிருந்தாலும் அது செல்லாதுன்னா?... கூண்டுல ஏறி நின்னுக்கிட்டா?... சரி, நான் சொல்லிடறேன்னே வைங்க. பெரியப்பா?... அவருக்கும் சம்மன் போயிருக்குதுங்க. நேத்தே குதிரையில எறங்கிட்டாரு... ஐயோ, அவருகிட்டப் போயி அதைக் கேட்டுடாதீங்கண்ணா. சாமி முன்னால தன் கையால துரும்பு குடுத்தவரு... ம்... ம்... அது மட்டுமில்லீங்க."

குரலைத் தாழ்த்தினாள்.

"இருசாயி கதை என்னாவும்?"

கேட்கவில்லை போலிருக்கிறது.

"இருசாயிங்கண்ணா... இருசாயி."

அதற்கும் கேட்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்.

"இருசாயி கதை என்னாவும்னு கேட்டேன். அவளும் துரும்பு கிள்ளித்தான் மொதப் புருசனை விட்டா. கிள்ளினது செல்லாதுன்னு நானே கோர்ட்டுல சொன்னா, இப்பக் கட்டியிருக்கறவனுக்கு அவ யாரு? கையில இருக்கற புள்ளை யாரு?"

வராந்தாவில் கம்பளி அசைந்தது. இருசாயி முத்தனின் மனைவி. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு படியிறங்கி மழைக்குள்ளேயே நடந்துபோய், எதிரே இருந்த பலா மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"இல்லீங்கண்ணா, வீம்பு இல்லீங்க... பெரிய மனுசத்தனமும் இல்ல. என்னால முடியல, அவ்வளவுதான்... ஆமா... ஆமாங்க, மொட்டையாத்தான் நிக்கப் போறேன்... தெரியுங்க... கேசு முடிஞ்சா கிடங்கு ஊட்டையும் பூட்டிருவாருங்க. ஆளு வந்து பாத்துட்டுப் போயிட்டான்... நீங்க கோவப்பட்டா நான் என்ன பண்ணட்டும்... எக்சேஞ்சுங்களா? பேசிக்கிட்டுத்தான் இருக்கறோம் சாமி, அறுத்துப் போடாதீங்க... அண்ணா? இருக்கறீங்களா?... ம், ம்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். தாலி கட்டிய அன்றிலிருந்து அவள் தனக்கென்று காசு சேர்த்ததில்லை, காடு கொத்தியதில்லை. மலைக்காரிக்குத் துரும்பு போதும். கிள்ளிப் போட்டுவிட்டு அடுத்த நாள் களைக்கொத்தும் கையுமாகத் தன் அப்பன் காட்டுக்குப் போய்விடுவாள். டவுன்காரிக்குச் சட்டம் போதும். ருக்குமணிக்கு இரண்டும் பாதிப்பாதி. அவளுடைய அப்பன் காடு எடப்புளியில் நல்ல தண்ணீர்ப் பாங்கான காடு. அப்பா போன பிறகு ராசப்பன் அதை விற்று, அடிவாரத்தில் சேந்தமங்கலத்தில் கல் கட்டடமாக வீடு கட்டியிருந்தான். கிரகப்பிரவேசத்துக்கு அவள் மோட்டாரில் போய் இறங்கினாள். அன்றைக்கு அவள் நங்கை என்று கூப்பிடும் அண்ணனின் மனைவி அவளை நடுக்கூடத்தில் உட்காரவைத்து விசிறினாள்.

"அண்ணா... வக்கீல் ஐயாகிட்ட, அவ கிள்ளினது நெசந்தான்னு சொல்லிப் போடுங்க... வேண்டாங்க, திரும்பத் திரும்பக் கேக்காதீங்க... சரி, திட்டிக்குங்க... ம்... திட்டியாச்சுங்களா? இப்ப நான் ஒண்ணு கேக்கறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் போல ஏதோ கேட்டது. பிறகு கம்பி முழுக்க மழை.

"துரும்பு கிள்ளினவ பொறந்த ஊட்டுக்குத்தான் போவா. அதுவும் மலை வழக்கந்தானுங்களே... நடுக்கூடமெல்லாம் வேண்டாங்க. மாட்டுக் கொட்டாயை ஒட்டி ஒரு சாய்ப்பு இருக்குதில்ல, அது போதும்... அண்ணா?... நங்கைகிட்ட நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கறேன்... அலோ... அண்ணா, கேக்குதுங்களா?... சேந்தமங்கலத்துக்கு... நான் வரட்டுங்களா?"