ஆளுக்கொரு ஸ்பீக்கர்

நெவெனா: இந்தக் கடையா? ஏன் லியுபிஷா, நோவி சாட்ல சப்வூஃபர் விக்கற வேற கடையே இல்லையா?

லியுபிஷா: இந்தக் கடைக்கு என்ன? பழைய சாமான் வாங்கி விக்கற கடை. நம்ம ரெண்டு பேர் பர்ஸுக்கும் இதுதான் தோது.

நெவெனா: இல்ல... கீழ் தளம்... ஈரவாடை அடிக்குமேன்னு பாத்தேன்.

லியுபிஷா: இன்னும் உள்ளயே போகல, அதுக்குள்ள வாடை தெரிஞ்சிடுச்சா? படி பாத்து இறங்கு. ஜிவோதா மாமா! இருக்கீங்களா?

ஜிவோதா: வா தம்பி, வா! கதவைச் சாத்து மொதல்ல, குறுக்குக்காத்து கழுத்தைப் பிடிச்சிடும். அடடே, நெவெனா! வாம்மா...

லியுபிஷா: மாமா, இவ பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஜிவோதா: ஆங்... நீதான் படியில கூப்பிட்டியே.

லியுபிஷா: நான் 'படி பாத்து இறங்கு'ன்னுதான் சொன்னேன்.

ஜிவோதா: பேரையும் சேத்துத்தான் சொன்ன. எனக்கு வயசாச்சு, காதுக்கு இன்னும் ஆகல.

நெவெனா: வணக்கம். இப்பத்தான்... முதல் தடவை பாக்கறோம்.

ஜிவோதா: ஆமாம்மா. முதல் தடவையேதான். காபி போடவா? உனக்குச் சர்க்கரை வேண்டாம், லியுபிஷாவுக்கு—

லியுபிஷா: மாமா...

ஜிவோதா: இந்தக் காலத்துப் பொண்ணுங்க யாருப்பா சர்க்கரை போட்டுக்கறாங்க! பொதுவாச் சொன்னேன்.

லியுபிஷா: காபி இருக்கட்டும். விஷயம் இதுதான். எங்ககிட்ட இருக்கறது பழைய சினிமா தியேட்டர் ஸ்பீக்கர். தியேட்டரை மூடினப்போ ஏலத்துல எடுத்தது. ஒவ்வொண்ணும் பீரோ உசரம்.

ஜிவோதா: ஜோடி.

நெவெனா: ஜோடியெல்லாம் இல்ல. என் வீட்டுல ஒண்ணு, அவன் ரூம்ல ஒண்ணு. எங்களுக்கு விவாகரத்தாகி மூணு வருஷம் ஆச்சு.

லியுபிஷா: எல்லாத்தையும் சரிபாதியாப் பிரிச்சோம் மாமா. தட்டு, நாற்காலி, ஊறுகாய் ஜாடி...

நெவெனா: சுட்ட குடைமிளகாய் விழுது. அதை ஊறுகாய்னு சொல்லாதே. ராத்திரியெல்லாம் கிளறினது நான்.

லியுபிஷா: தோல் உரிச்சது யாரு?

ஜிவோதா: சரி, சரி. ஸ்பீக்கருக்கு வாங்க. அதைப் போய் யாராவது ஆளுக்கொண்ணாப் பிரிப்பாங்களா? பாட்டுல பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்னுதானே பதிவு பண்றான்!

நெவெனா: அது தெரியாமலா? அப்போ இருந்த கோவத்துல 'ரெண்டையும் நீயே எடுத்துக்கோ'ன்னு சொல்ல ரெண்டு பேருக்கும் வாய் வரல.

லியுபிஷா: எனக்கு இடது, அவளுக்கு வலது. மூணு வருஷமா என் ரூம்ல டிரம்பெட்காரன் மட்டும் வாசிக்கறான். வயலின்காரன் அவ வீட்டுல இருக்கான்.

ஜிவோதா: ஆம்ப்ளிஃபயர்ல மோனோன்னு ஒரு பட்டன் இருக்குமேப்பா. அமுக்கினா ரெண்டு பக்கமும் ஒரே பொட்டியில வந்துடுமே!

லியுபிஷா: இருக்கு. அமுக்கல.

நெவெனா: ஏன் அமுக்கல?

லியுபிஷா: நீ அமுக்கினியா?

நெவெனா: ...மாமா, அந்த சப்வூஃபரைக் காட்டுங்க.

ஜிவோதா: காட்டறேன், காட்டறேன்.

நெவெனா: அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். பீரோ மாதிரி ஸ்பீக்கர் இருக்கு. அதுக்கு மேல எதுக்கு இன்னொரு பொட்டி? அவ்வளவு பெருசுல வராத பேஸா இதுல வந்துடப் போகுது?

ஜிவோதா: எல்லாரும் அப்படித்தாம்மா நினைக்கறாங்க. தியேட்டர் ஸ்பீக்கர் கத்தறதுக்குப் பிறந்தது. கடைசி வரிசையில சூரியகாந்தி விதை கொறிச்சுக்கிட்டிருக்கறவனுக்கும் வசனம் கேக்கணும். ஆனா ரொம்பக் கீழ் ஸ்வரம்... டபுள் பேஸ் வாத்தியத்துல அந்தத் தடிக்கம்பி இருக்கு பாரு, அங்க வந்ததும் கையை விரிச்சிடும். அது விடற எடத்துல சப்வூஃபர் பிடிச்சுக்கணும். பிடிச்சது வெளிய தெரியவும் கூடாது.

லியுபிஷா: அந்த மூலையில இருக்கே பெரிய கறுப்பு, முன்னாடி ஓட்டையோட... அது?

ஜிவோதா: டிஸ்கோக்காரன் வித்துட்டுப் போனது. வாசல்ல பஸ்ஸை நிறுத்திட்டு எஞ்சினை அணைக்காம விட்ட மாதிரி உறுமும். மத்தியானத் தூக்க நேரத்துல போட்டுப் பாரு, கீழ்வீட்டுக்காரன் துடைப்பக்கட்டையால கூரையைக் குத்துவான்.

நெவெனா: இந்தக் குட்டி? அழகா இருக்கே. மேல பூச்சட்டி வைக்கலாம்.

லியுபிஷா: சப்வூஃபர் மேல பூச்சட்டி! ஆரம்பிச்சிட்டா.

நெவெனா: ஸ்பீக்கர் மேல நான் காபி வச்சேன்னு மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டவன்தானே நீ.

ஜிவோதா: குட்டி நல்ல பொட்டிதான். ஆனா உங்க பீரோ ஒரு சத்தம் போட்டா, அதுக்கு ஈடு குடுக்கறதுக்குள்ள இதுக்கு மூச்சு வாங்கிடும். உங்க காசுக்கு நான் சொல்றது அதோ அந்த ரெண்டு. நடுத்தர அளவு, ஓட்டை கிடையாது, நாலு பக்கமும் மூடின பொட்டி. குதிக்காது, இழுக்காது, அளவாப் பேசும். ரெண்டும் ஒரே வீட்டுல இருந்து வந்தது. சேத்து நானூறு யூரோ.

நெவெனா: அப்போ ஒண்ணு இருநூறு. என்கிட்ட இருநூறு இருக்கு.

லியுபிஷா: என்கிட்டயும் இருநூறுதான்.

நெவெனா: அப்புறம் என்ன? ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டுக் கிளம்புவோம்.

ஜிவோதா: மறுபடியுமா! முடியாது. ஸ்பீக்கரைப் பிரிச்சப்போ நான் பக்கத்துல இல்ல, இதுக்கு உடந்தையா இருக்கமாட்டேன்.

நெவெனா: இது என்ன மாமா, கல்யாணமா?

ஜிவோதா: விளையாட்டில்லம்மா. ஒரு ரூம்ல ஒத்தை சப்வூஃபர் வச்சா சோபாவுல இடி இடிக்கும், நாற்காலிக்கு நகந்தா ஒண்ணுமே இருக்காது. ரெண்டு வச்சாத்தான் ஒண்ணு விட்ட குழியை இன்னொண்ணு நிரப்பும். பெரிய விலையில ஒண்ணு வாங்கறதைவிட இந்த விலையில ரெண்டு மேல். நம்பலேன்னா தவழ்ந்து பாருங்க.

நெவெனா: தவழணுமா?

ஜிவோதா: அதுதான் முறை. நாம உக்கார எடத்துல பொட்டியைத் தூக்கி வச்சிட்டு, நாம தரையில தவழணும். எங்க பேஸ் நல்லாக் கேக்குதோ, அங்கதான் பொட்டிக்கு எடம். தம்பி, ஒண்ணைத் தூக்கி அந்த நாற்காலியில வை.

நெவெனா: நான் பாவாடை கட்டிக்கிட்டு வந்திருக்கேன்.

லியுபிஷா: உன் காதுதான் எனக்கு வேணும். என் காதை நம்பி வாங்கினா நான் அந்த பஸ் எஞ்சினைத்தான் வாங்குவேன். அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன்.

நெவெனா: அதுக்கு மட்டும்தானா?

லியுபிஷா: ...நீ கதவுப் பக்கம் இருந்து வா. நான் அலமாரிப் பக்கம் இருந்து வரேன்.

ஜிவோதா: பாட்டு போட்டாச்சு. ம், தவழுங்க!

லியுபிஷா: இங்க ஒண்ணுமே இல்ல மாமா. பேஸ்காரன் லீவு போட்டுட்டான்.

நெவெனா: இங்க வயித்துல உதைக்குது. ஐயோ, எப்பப் பெருக்கினது இந்தத் தரையை?

ஜிவோதா: ஈஸ்டருக்கு.

நெவெனா: எந்த வருஷத்து ஈஸ்டருக்கு?

லியுபிஷா: இந்தா... இங்க கொஞ்சம் பரவால்ல. இன்னும் கொஞ்சம் இப்படி... ஆ! தலை!

நெவெனா: கண்ணு தெரியாதா உனக்கு? மண்டையா அது, கல்லா?

லியுபிஷா: நீதானே என் பக்கம் வந்த.

நெவெனா: இங்கதான் நல்லாக் கேட்டுச்சு. அதான் வந்தேன்.

லியுபிஷா: ஆமா... இங்கதான் நல்லா இருக்கு.

நெவெனா: வீங்குதா? காட்டு.

லியுபிஷா: ஒண்ணுமில்ல. கையை எடுக்காத, கொஞ்சம் அப்படியே இரு.

ஜிவோதா: பாட்டு முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு. எந்திரிக்கறீங்களா, இல்ல காபியை அங்கயே கொண்டாரட்டுமா?

நெவெனா: எந்திரிச்சிட்டோம், எந்திரிச்சிட்டோம்!

ஜிவோதா: சீக்கிரம் முடிவு பண்ணுங்க. பெட்ரோவரதின்ல இருந்து ஒருத்தர் இதையே கேட்டுக்கிட்டிருக்கார். இப்போ போன் பண்ணுவார். சரின்னுட்டா ரெண்டையும் தூக்கிட்டுப் போயிடுவார்.

நெவெனா: சரி, நீயே ரெண்டையும் எடுத்துக்க லியுபிஷா. என் இருநூறையும் வச்சிக்க.

லியுபிஷா: என் ரூம்ல எங்க வைக்க? கட்டிலுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல நானே பக்கவாட்டுலதான் நடக்கறேன்.

நெவெனா: ஒரு ஸ்பீக்கருக்கே அப்படியா?

லியுபிஷா: பீரோ சைஸ் இல்லையா அது...

ஜிவோதா: க்கும். எனக்குத் தொண்டை... தூசி.

லியுபிஷா: உன் ஸ்பீக்கர் எங்க நிக்குது நெவெனா?

நெவெனா: சன்னலோரம்.

லியுபிஷா: சன்னலோரம் சாப்பாட்டு மேஜை போட்டிருக்கேன்னு சொன்ன.

நெவெனா: மேஜையை... நகத்திட்டேன்.

லியுபிஷா: வயலின் நல்லாக் கேக்குதா?

நெவெனா: ம். கேக்குது. ஏன் போலீஸ் மாதிரி கேள்வி கேக்கற?

ஜிவோதா: தம்பி, போன் அடிக்குது. எடுக்கறதுக்கு முன்னாடி நீ கேக்க வந்ததைக் கேட்டுடு. என்கிட்ட ஒத்திகை பாத்தியே, அதை.

நெவெனா: என்ன ஒத்திகை?

லியுபிஷா: மாமா! ...சரி. நெவெனா, இதை ரெண்டையும் சேந்து வாங்கி உன் வீட்டு ஹால்ல வைப்போம். என் ஸ்பீக்கரையும் அங்கயே கொண்டாந்துடறேன். ஞாயித்துக்கிழமை மட்டும் நான் வரேன். பாட்டு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிடறேன்.

நெவெனா: போயிடுவியா?

லியுபிஷா: நீ போன்னு சொன்னாப் போயிடறேன்.

ஜிவோதா: ஹலோ... ஆமா, இருக்கு. ஒரு நிமிஷம் லைன்ல இருங்க. அவர்தான். என்ன சொல்லட்டும்?

நெவெனா: மறந்துட்டியா லியுபிஷா? நான் ஏதாவது பேச ஆரம்பிச்சா நீ சத்தத்தை ஏத்துவ. எங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு சொன்னேன். 'பாட்டுல இந்த எடம் முடியட்டும்'னு கையைக் காட்டின. அதை நான் மறக்கல.

லியுபிஷா: நானும் மறக்கல. அதுக்கப்புறம் அந்தப் பாட்டைப் போடவேயில்ல. இப்போ பேச ஆளில்லாத ரூம்ல உக்காந்திருக்கேன். சத்தத்தை ஏத்தவே தோணல. நீ இல்லாம முடியல நெவெனா. இதுதான் ஒத்திகை பாத்தது. இதைவிட நல்லா வரும்னு நினைச்சேன்.

நெவெனா: ...என் வீட்டுல வச்சுப் பிரயோஜனம் இல்ல.

லியுபிஷா: ஏன்?

நெவெனா: ஸ்பீக்கர் இல்ல. போன குளிர்காலத்துலயே வித்துட்டேன்.

ஜிவோதா: நான் ஒரு வார்த்தை சொல்லல! ஹலோ, உங்களைச் சொல்லலீங்க, லைன்ல இருங்க.

லியுபிஷா: தெரியும். இங்கதான் வித்த. வாங்கினது நான்.

நெவெனா: அது என்னோடதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

லியுபிஷா: 'உன் ஸ்பீக்கருக்கு ஜோடி வந்திருக்கு, சல்லிசா முடிச்சுத் தரேன்'னு மாமா கூப்பிட்டார். வந்து பாத்தா மேல உன் காபிக் கோப்பை வட்டம். நான்தான் வாங்கினேன்னு உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். உனக்கு அவமானமா இருக்குமோன்னு...

ஜிவோதா: சத்தியம் வாங்கிக்கறதுக்கு ஊர்ல வேற கிழவனே கிடைக்கலையா? நானும் எத்தனை பேருக்குத்தான்...

நெவெனா: மாமா, சும்மா இருங்க. லியுபிஷா, எப்படி இருக்கு? ரெண்டும் சேந்து பாடினா?

லியுபிஷா: தெரியாது.

நெவெனா: தெரியாதுன்னா?

லியுபிஷா: உன்னோடதுக்கு இன்னும் வயரே மாட்டல. உன் பழைய பச்சைப் போர்வையைப் போத்தி வச்சிருக்கேன். உன் பக்கத்துப் பாட்டை நான் தனியா உக்காந்து கேக்க மனசு வரல.

நெவெனா: அடப்பாவி...

லியுபிஷா: திட்டு. ஆனா ஒண்ணு சொல்லு. ஸ்பீக்கரே இல்லாதவ இருநூறு யூரோவோட சப்வூஃபர் வாங்க எதுக்கு வந்த?

நெவெனா: நீ கூப்பிட்ட. வந்தேன்.

ஜிவோதா: போன்ல மனுஷன் காத்துக்கிட்டிருக்கார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

நெவெனா: ரெண்டும் வித்தாச்சுன்னு சொல்லி வச்சிடுங்க மாமா, எங்க வீட்டுக்குத்தான்... ஏண்டா மரமண்டை, 'எவன் எவ்வளவு குடுத்தாலும் லியுபிஷாவுக்கு மட்டும்தான் விக்கணும், நான் அனுப்பினேன்னு தெரியக்கூடாது'ன்னு இந்த மனுஷன்கிட்ட உனக்கு முன்னாடியே சத்தியம் வாங்கிட்டுத்தானே என் ஸ்பீக்கரைக் குடுத்தேன், நீயாவது முழுப் பாட்டையும் கேப்பியேன்னு!