நாற்பத்து மூன்று கோடுகள்

— படிக்கவெல்லாம் வேணாம்ணா, கீழ ஒரு கையெழுத்து போட்டாப் போதும். இதோ, இந்தக் கட்டத்துக்குள்ள.

— மொ... மொதல்ல செருப்பை...

— பிஞ்சு போச்சான்னு கேக்குறியா? இல்லண்ணா, நீ தச்ச வார் அப்படியே இருக்கு. பழுப்புச் செருப்புக்கு நீல நூல் போட்டுத் தச்சியே, எங்க கழட்டிப் போட்டாலும் தனியாத் தெரியுது. காலேஜ்ல ஒரே கிண்டல்.

— வெளிய க... கழட்டிட்டு வான்னேன். லென்ஸ் தேய்க்கிற ரூம். தூசி ஆகாது.

— ஐயோ, சாரி. இதோ கழட்டிட்டேன். இப்போ போடு.

— என்ன பே... பேப்பர் இது?

— அதான்ணா, மாஸ்டர்ஸ் அப்ளிகேஷன். ஸ்பீச் தெரபி. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட மூடிடுவாங்க. மார்க் ஷீட், புரொஃபசர் லெட்டர், கிளினிக்ல இருபத்தஞ்சு மணி நேரம் உக்காந்து தெரபி பார்த்ததுக்கு மேடம் கொடுத்த சர்டிபிகேட், எல்லாம் ரெடி. இது ஒண்ணுதான் பாக்கி. இதை விட்டா இனி அடுத்த வருஷம்தான்.

— அதுக்கு ஏ... ஏன் நான்...

— நீ ஏன் கையெழுத்து போடணும்னா, இந்தப் படிப்பு எதுக்கு வேணும்னு ஒரு கட்டுரை கேக்குறாங்க. அதுல வீட்டு ஆளுங்களைப் பத்தி எழுதினா, அவங்க படிச்சுட்டு சம்மதம்னு கையெழுத்து போடணுமாம். சும்மா பேருக்குத்தான்.

— ப... படிச்சுட்டுன்னு போட்டிருக்குல்ல?

— போட்டிருக்கும். யாரு படிக்கிறா?

— நான் படிக்கிறேன்.

— உள்ள யாரு, பாப்பாவா? பாப்பா, அந்த டீச்சரம்மா கண்ணாடி ரெடியான்னு உங்க அண்ணன்கிட்ட சட்டுனு கேட்டுச் சொல்லும்மா. கவுன்டர்ல வந்து நிக்கிறாங்க.

— இன்னும் பத்து நிமிஷம் ஆகும் முதலாளி சார்! மிஷின்ல இப்பத்தான் ஓடுது!

— ரெ... ரெடி. மேசை மேல டப்பால இருக்கு. மிஷின்ல ஓடுறது வே... வேற.

— அடக் கடவுளே. ரெடியாம் சார்! இந்தாங்க, பிடிங்க.

— நீ வந்தாத்தான் பாப்பா, இந்தக் கடையில எனக்கு உள்ள இருந்து பதிலே வருது. இல்லேன்னா உன் அண்ணன் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குறதுக்குள்ள கஸ்டமர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துடுவாங்க!

— உங்க முதலாளி எப்பவும் இப்படித்தான். நீ மனசுல வெச்சுக்காதண்ணா.

— மி... மிஷினை நிறுத்து. அந்தச் சிவப்பு சுவிட்ச். ம். பேப்பரைக் கொடு.

— கண்ணாலயே படிச்சுக்கோயேன். மூணு பக்கம் இருக்கு.

— இல்ல. வா... வாயால. தினமும் ஒரு பக்கம் சத்தமாப் படிச்சுப் பழகுறேன்.

— யாரு பழகச் சொன்னா?

— இப்ப ப... படிக்கவா, வேணாமா?

— படி.

— "என் அ... அண்ணனுக்குச் சிறு வயதிலிருந்தே தி... தி..."

— திக்குவாய்.

— எனக்குத் தெரியும்டி வாயாடி. நா... நாப்பது வயசுக்கு ரெண்டு வருஷம்தான் பாக்கி. பேச ஆரம்பிச்ச காலத்துல இருந்து தெரியும்.

— சரி சரி. வாயைத் திறக்கல.

— "ஒரு சொல்லை அவன் மு... முடிப்பதற்குள் எல்லோரும் அவசரப்படுவார்கள். நான் அவனுக்குக் கு... குரலாக இருந்தேன்." குரலா?

— எழுத்துல அப்படித்தான்ணா வரும்.

— இந்தக் கடைக்கு வே... வேலைக்கு வந்த அன்னிக்கு நீயும் கூட வந்த. முன்னாடி கவுன்டர்ல நிக்கிறியா, பின்னாடி ரூமான்னு முதலாளி கேட்டார். நான் மு... முன்...

— முன்னாடி வேணாம், பின்னாடியே இருக்கட்டும்னு நீ சொல்ல வந்த. நான்தான் சொன்னேன்.

— ம். நீதான் சொன்ன. பதினோரு வருஷம் ஆச்சு.

— ஏண்ணா, நீ சொல்ல வந்தது அது இல்லையா?

— மு... முன்னாடின்னு சொல்ல வந்தேன். போகட்டும். "எங்கள் வீட்டில் அவன் பேசி முடிக்கும்வரை..."

— அண்ணா, அந்தப் பாராவை விட்டுடு. அது சரியா வரல.

— "மு... முடிக்கும்வரை கா... கா..."

— காத்திருந்தவள் நான் ஒருத்திதான்! போதுமா? அதான் எழுதியிருக்கேன்.

— "காத்திருந்தவள் நான் ஒ... ஒருத்திதான்." இப்பவும் நீதான் மு... முடிச்ச.

— சிரிக்காதண்ணா.

— சிரிக்கல.

— இப்படி ஏதாவது எழுதினாத்தான் எடுக்குறாங்க. எல்லாருமே கொஞ்சம் சேர்த்துத்தான் எழுதுவாங்க. கையெழுத்தைப் போட்டுட்டு வேலையைப் பாரேன்.

— அ... அடுத்த பக்கம். "ஆஸ்பத்திரியில் அம்மாவின் கடைசி நாளன்று, அண்ணன் கட்டிலருகே நின்று 'நீ' என்று தொ... தொடங்கினான். அதற்குமேல் வரவில்லை. 'நீ ஒருத்திதாம்மா நான் பே... பேசி முடிக்கிற வரைக்கும் பொ... பொறுத்திருந்தவ' என்று சொல்லத்தான் அவன் நினைத்திருந்தான். அதைக் கேட்காமலே அம்மா போய்விட்டார்."

— அண்ணா...

— இது எங்க கே... கேட்ட?

— எதை?

— அன்னிக்கு என் வாயிலிருந்து வந்தது "நீ"ன்னு ஒ... ஒரே எழுத்து. மிச்சத்தை வீட்ல யார்கிட்டயும் சொன்னதில்ல. அ... அப்பாகிட்டகூட.

— நானா யூகிச்சு எழுதினது.

— நீ யூகிச்சது வே... வேற. அம்மா என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் "நீ"ன்னு நின்னேன். அப்போ நீ என்ன சொன்ன?

— வேணாம்ணா.

— சொல்லு.

— "நீ தூங்கும்மான்னு சொல்றான்"னு சொன்னேன்.

— ம்.

— அம்மா சரின்னு தலையை ஆட்டிட்டுக் கண்ணை மூடிக்கிட்டாங்க.

— தி... திறக்கவே இல்ல.

— அப்பா வெளிய நின்னு அவசரப்படுத்திக்கிட்டு இருந்தாரு. நர்ஸ் வேற போகச் சொல்லிட்டா. நீ கஷ்டப்படுறதைப் பார்க்க முடியல. ஏதாவது சொல்லி முடிச்சா உனக்கு லேசா இருக்கும்னு நெனச்சேன். சத்தியமாண்ணா.

— தெரியும். ஆனா க... கட்டுரையில அது இல்லையே. நீ சொன்னது.

— அதை எப்படிண்ணா எழுதுறது? எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எழுதுறது?

— சரி. எ... எங்க கேட்டேன்னு இன்னும் சொல்லல.

— மேடம் கிளினிக்ல.

— ம்.

— அங்க ஒரு கண்ணாடி இருக்குல்ல? உன் பக்கத்திலிருந்து பார்த்தா உன் முகம்தான் தெரியும். பின்னாடி ஒரு இருட்டு ரூம். அங்கிருந்து பார்த்தா உங்க ரெண்டு பேரையும் நல்லாத் தெரியும், பேசுறதும் ஸ்பீக்கர்ல கேக்கும். ஸ்டூடண்ட்ஸ் அங்கதான் உக்காந்து குறிப்பு எழுதணும். ஒரு சனிக்கிழமை கதவு திறந்துச்சு. நீ வந்து உக்காந்த. கடையில கூடுதல் வேலைன்னு வீட்ல சொல்லிட்டு வந்திருந்த.

— அம்மாகிட்ட சொல்ல முடியாமப் போன மாதிரி இ... இன்னொரு தடவை ஆகக் கூடாதுன்னு போனேன்.

— நீ என் அண்ணன்னு மேடத்துக்குத் தெரியாது. சொந்தக்காரங்க வந்தா எழுந்து வெளிய போயிடணும், அது ரூல். கதவு என் முதுகுக்குப் பின்னாடி ரெண்டே அடி. போகல.

— ஏன்?

— கேக்காதண்ணா.

— கே... கேக்குறேன்.

— மணி நேரம் குறைஞ்சிடும்னு. அன்னிக்கு ரெண்டு மணி நேரம் உக்காந்தாத்தான் இருபத்தஞ்சு ஆகும். சீ, சொல்லவே நாக்கு கூசுது. மொதல்ல அதுக்குத்தான் உக்காந்தேன். அப்புறம் நீ பேச ஆரம்பிச்ச. நீ அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லண்ணா. காலு எழும்பல.

— கு... குறிப்புல என்ன எழுதின?

— பேச்சு தடைபடுற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கோடு. அதான் எங்களுக்குக் கொடுக்குற வேலை. நீ அம்மாவைப் பத்திச் சொன்னப்போ என் கை பாட்டுக்குக் கோடு போட்டுக்கிட்டே இருந்துச்சு. "என் தங்கச்சி பாதியிலயே பிடுங்கிடுவா. அது தப்பா இருந்தாலும் நான் தலையாட்டிடுவேன், இல்லேன்னா அவ முகம் வாடிடும்"னு சொன்னியே, அதுக்கும் போட்டேன். கண்ணுல தண்ணி ஊத்துது, கை கோடு போடுது. கடைசியில எண்ணிப் பார்த்து கீழ எழுதினேன். நாப்பத்தி மூணு.

— நா... நாப்பத்தி மூணுதானா? நூ... நூறைத் தாண்டியிருக்கும்னு நெனச்சேன்.

— விளையாடாதண்ணா. என்னைத் திட்டு.

— தி... திட்ட ஆரம்பிச்சா அஞ்சு மணிக்குள்ள மு... முடியாது.

— வெக்கமா இருக்குண்ணா. தலையை எங்க கொண்டு போய் வெச்சுக்கிறதுன்னு தெரியல. நீ அழுதுக்கிட்டுச் சொன்னதைத் திருடி எழுதினேன். அதோட விட்டேனா? அம்மா இடத்துல என்னைத் தூக்கி உக்கார வெச்சுக்கிட்டேன். சர்டிபிகேட்ல மேடம் "பொறுமையாகக் கேட்பவர்"னு எழுதியிருக்காங்க. அதைப் படிச்சப்போ கன்னத்துல அறை வாங்கின மாதிரி இருந்துச்சு. அப்பவும் தேங்க்ஸ் சொல்லி வாங்கிட்டு வந்தவ நான். அந்தப் பேப்பரைக் கொடு, கிழிச்சுப் போட்டுடுறேன். நான் எதையும் அனுப்பல.

— கொ... கொடுக்க மாட்டேன். பே...

— பேசாமப் போடின்றியா? போயிடுறேன்.

— பேனா எடுன்னேன்.

— எதுக்கு?

— "நான் ஒருத்திதான்"னு இருக்குல்ல? அதை அ... அடி.

— அடிச்சுட்டேன்.

— "அம்மா"ன்னு எழுது.

— "காத்திருந்தவள் அம்மா ஒருத்திதான்." எழுதிட்டேன்.

— இப்ப ஆ... ஆஸ்பத்திரி. நீ சொன்னதை எழுது.

— அண்ணா, அதைப் படிச்சா என்னை எவன் எடுப்பான்? பேச்சுத் தடைக்கு வைத்தியம் பண்ண வர்றவ, சாகக் கிடந்த அம்மா முன்னாடி அண்ணன் வாயை அடைச்சாளாமான்னு கேக்க மாட்டாங்களா?

— கே... கேப்பாங்க. ஆனா அதுலதான் நான் கையெழுத்து போ... போட முடியும்.

— கண்ணாடி ரூம்ல உக்காந்தது?

— அதை நீதான் மு... முடிவு பண்ணணும்.

— மேடத்துக்கு இப்பவே ஃபோன் பண்ணிச் சொல்லிடுறேன். அந்த ரெண்டு மணி நேரத்தைக் கழிச்சா இருபத்தி மூணுதான் வரும். இந்த வருஷம் சீட்டு கிடைக்காது. போகட்டும். அடுத்த வருஷம் நெஞ்சு நிமிர்த்திப் போய் உக்காந்துக்கிறேன். இரு, ஃபோனை எடுக்குறேன்.

— எ... எழுதி முடி மொதல்ல.

— எழுதிட்டேன். "அவன் சொல்ல வந்ததை நான் பறித்துக்கொண்டேன். அம்மா கடைசியாகக் கேட்டது அவன் சொன்னதை அல்ல, நான் சொன்னதை." சரியா?

— கொடு. இ... இந்தக் கட்டத்துலதானே?

— போட்டுட்டியா? உண்மையாவே போட்டுட்டியா?

— பாப்பா! டீச்சரம்மாவுக்குக் கண்ணாடி காதுல அழுத்துதாம். கொஞ்சம் சரி பண்ண முடியுமான்னு கேளும்மா!

— ...

— பாப்பா? காதுல விழுதா?

— அண்ணன் இங்கதான் இருக்கான் சார். அவனே சொல்வான்.

— அவன் சொல்றதுக்குள்ள...

— கொ... கொ... கொண்டு வாங்க முதலாளி. சூ... சூடு காட்டி வ... வளைச்சுடலாம். அஞ்சு நிமிஷம்.

— அட! சரி தம்பி, சரி. அவங்க டீ குடிச்சுட்டு வரட்டும், அப்புறம் கொண்டு வர்றேன்.

— வாய் வரைக்கும் வந்துடுச்சுண்ணா. உதட்டைக் கடிச்சுக்கிட்டேன்.

— தெரிஞ்சுது. ப... பல்லு பதிஞ்சிருக்கு.

— ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு மனசு ஆறல. உன்கிட்ட மேடம் கேட்டாங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூடண்ட் இருக்கா, இருக்கலாமான்னு. நீ தலையாட்டின. நான்தான்னு தெரியாம ஆட்டின தலைதானே அது? தெரிஞ்சிருந்தா நீ ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்ட.

— அ... அன்னிக்கு...

— ...

— அன்னிக்கு அந்த இருட்டு ரூம் வா... வா... வா...

— ...

— வாசல்ல ஒரு ஜோடி செருப்பு கிடந்துச்சு. நீ... நீல நூல் போட்டுத் தச்சது.

— அண்ணா!

— இரு. இன்னும் மு... முடிக்கல.

— சொல்லு. எவ்வளவு நேரம் ஆனாலும் சொல்லு.

— வீட்ல எத்தனையோ தடவை ஆ... ஆரம்பிச்சுப் பார்த்துட்டேன். நீ குறுக்க வர முடியாத இடம் அந்தக் கண்ணாடி ஒ... ஒண்ணுதான். அதான் மேடத்தைப் பார்த்து உக்காந்துக்கிட்டு, அன்னிக்குப் பூரா உன்கிட்ட பே... பேசிக்கிட்டு இருந்தேன்.