ஒத்தாசைக்கு வந்தவர்

கொஞ்சம் இருங்கண்ணே, வண்டிய இன்னும் கிளப்பாதீங்க. இடிஞ்ச கட்டடத்தை அள்ளுறது உங்க வேலை, நான் குறுக்க நிக்கக் கூடாதுதான். வேலைக்கு வந்தவங்க எல்லாரும் வெளிய வந்தாச்சுன்னு மேஸ்திரி சொன்னாராக்கும்? அவர் பொய் சொல்லல. எங்க வீட்டுக்காரர் வேலைக்கு வரல, ஒத்தாசைக்கு வந்தாரு.

ரெண்டும் ஒண்ணுதானா? அவர்கிட்ட கேட்டிருந்தா இதுக்கு ஒரு பொழுது பேசியிருப்பாரு. டெய்லரு. கடைய மூடிட்டாங்க, மெஷின் இப்ப வீட்டுலதான் கெடக்கு. வேலை இல்லையான்னு யாராவது கேட்டா, தொழில் இருக்குங்க, வேலைதான் இல்லம்பாரு. வேலை இன்னொருத்தன் குடுக்கிறது, அவனே பிடுங்கிக்குவான், தொழில் கையோட ஒட்டினதும்பாரு. அப்ப உத்தியோகம்னா என்னப்பான்னு எங்க பொண்ணு கேட்டா. நீ எழுந்து போனாலும் நாற்காலி உனக்காகக் காத்திருந்தா அது உத்தியோகம்னாரு.

இருங்கண்ணே, அந்த வண்டிச் சாவில கை வைக்காதீங்க, சொல்லிடுறேன்.

சோறாக்குறது, துவைக்கிறது, பொண்ணுக்குத் தலை பின்னுறது எல்லாம் அவர்தான். அதுக்கு என்ன பேருன்னு அவருக்கே தெரியல. யாரு கேட்டாலும் நானும், சும்மாத்தான் இருக்காருன்னு சொல்லிடுவேன். அதான் இப்ப வினையா வந்து நிக்குது. உள்ள என் புருஷன் இருக்காருன்னு மேஸ்திரிகிட்ட கதறினேன். உன் புருஷன் சும்மா வீட்டுலதானம்மா இருக்காரு, போய்ப் பாருங்கறாரு. பயத்துல உளறுறேன்னு தண்ணி குடுக்கச் சொல்றாரு.

இந்தக் குடோன்ல மூட்டை கட்டுற வேலை. ஒரு நாள் வரலைன்னா மறுநாள் அந்த எடத்துல வேற ஆளு நிக்கும். அதனால, காய்ச்சல்ல கெடந்த ஒருத்தருக்குப் பதிலா, மேஸ்திரி வர்றதுக்கு முன்னாடியே பின்வாசல் வழியா போய் நின்னாரு. ஒரு நாள் ஒத்தாசைதானே, இதுக்குப் போயி எதுக்கு யோசிக்கிறேன்னாரு.

தலை எண்ணிட்டாங்க, ஆளு சரியா இருக்குன்னு சொல்றீங்க. இருக்கும்ணே. மதியச் சோறு எடுத்துக்கிட்டு தெருமுனைக்கு வர்றேன், கட்டடம் கண்ணு முன்னால உக்காந்துடுச்சு. ஓடியாந்து இந்தப் பொம்பளைங்களோட நின்னேன். மேஸ்திரி என் மூஞ்சியையும் பாத்து எண்ணிக்கிட்டுப் போயிட்டாரு.

காய்ச்சல்ல கெடந்ததும், இங்க மூட்டை கட்டுறதும் நான்தாண்ணே.