கஷாய வரிசை முயல்கள்

உச்சி வெயில். மணி பன்னிரண்டு. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? நம் ஊர்ச் சந்தனத்துக்குப் பட்டப்பகலில்தான் வந்தது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது.

ஐம்பத்தெட்டாம் வருஷம், சித்திரை மாதம். அன்னவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஊருக்கு வெளியே இருந்த வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார் சந்தனம். கையில் மூங்கில் கூடை. உள்ளே திருச்சியில் வாங்கிய ஆறு முயல்கள். இரண்டு பக்கமும் செம்மண் பொட்டல். ஆள் இல்லை. ஒரு காக்கை இல்லை. செருப்புச் சத்தம் மட்டும்... சரக்... சரக்...

திடீரென்று ஒரு வாடை.

அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை. சுற்றிலும் ஒரு மரம் கூடக் கிடையாது. கூடையை முகர்ந்து பார்த்தார். வைக்கோல் வாசனைதான். நடந்தார், வாடையும் கூடவே வந்தது. நின்றார், அதுவும் நின்றது. பிறகு... அவரைத் தாண்டி, அவர் வீட்டுப் பக்கமாக முன்னால் போயிற்று.

அது என்ன வாடை என்று அவருக்குத் தெரியும்.

அவர் வேலை பார்த்தது டாக்டர் ஆத்மநாதனின் ஆராய்ச்சி பங்களாவில். அங்கே முயல்களுக்கு மருந்தேற்றிச் சர்க்கரை வியாதியை உண்டாக்குவார்கள். ஒரு வரிசையில் பத்து முயலுக்கு இங்கிலீஷ் ஊசி. எதிர்வரிசையில் பத்து முயலுக்கு டாக்டர் ஏதோ கொடியின் வேரில் காய்ச்சிய கஷாயம். ஊசியே வேண்டாம், நம் ஊர்க் கஷாயம் போதும் என்று மெட்ராஸிலிருந்து வரும் பெரிய டாக்டர்களிடம் நிரூபிக்க வேண்டும். டாக்டருக்கு அது வெறி.

ஊசி முயல்கள் நன்றாகத்தான் இருந்தன. கஷாய வரிசையோ தண்ணீர் கேட்டது. கிண்ணத்தை நிரப்ப நிரப்பக் குடித்தன. நக்... நக்... நக்... மூன்றாம் நாள் அதுகளின் மூச்சில் பழ வாடை அடிக்கும். நான்காம் நாள் விறைத்துக் கிடக்கும்.

"செத்ததப் பின்னால பொதச்சிரு சந்தனம்" என்றார் டாக்டர். "நல்ல மொசலா ஒண்ண எடுத்து அந்தக் கூண்டுல விடு. ஒன் வேலைய பெர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதியிருக்கேன்."

சந்தனம் மாற்றி விட்டார். ஒரு தடவை இல்லை, ஒன்பது தடவை.

மெட்ராஸ்காரர்கள் வந்தார்கள். கஷாய வரிசையில் கொழுகொழுவென்று நின்ற முயல்களைத் தடவிப் பார்த்தார்கள். டாக்டரின் கையைக் குலுக்கினார்கள். பத்திரிகையில் செய்தி வந்தது.

அந்தச் செய்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டவள் மீனம்மாள், சந்தனத்தின் மனைவி. அவளுக்கு நாலு வருஷமாகச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் கம்பவுண்டரிடம் ஊசி. தொடை முழுக்கக் கட்டி கட்டியாக வீங்கியிருக்கும்.

"நீங்க வளத்த மொசலுக்குக் கேக்குறது எனக்குக் கேக்காதா?"

"வேணாம் மீனா. ஊசிய விடாத."

"ஏனாம்?"

முயலை மாற்றியதைச் சொன்னால் சந்தனத்துக்கு வேலை போய்விடும். "சொன்னாக் கேளு" என்று எரிந்து விழுந்துவிட்டு, மறுநாள் திருச்சிக்குப் புறப்பட்டார். பங்களாவில் முயல் தீர்ந்து போயிருந்தது. முயல் தேடிச் சேர்த்துத் திரும்ப ஆறு நாள் ஆகிவிட்டது.

அப்படித் திரும்பி வந்தபோதுதான் சாலையில் அந்த வாடை.

கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். வீட்டுக்குள் வாடை குப்பென்று அடித்தது. மீனம்மாள் பாயில் கிடந்தாள். பக்கத்தில் காலிக் குடம். நாக்கு ஓடு மாதிரி காய்ந்திருந்தது.

"தண்ணி..."

"ஊசி போட்டியா?"

அவள் மூலையிலிருந்த பாட்டிலைக் காட்டினாள். "டாக்டர் ஐயாதான் குடுத்தாங்க..."

மாட்டு வண்டி பிடித்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டு போனார். சித்தன்னவாசல் மலையைத் தாண்டவில்லை. வழி முழுக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தவள், கேட்பதை நிறுத்திவிட்டாள்.

துக்கம் கேட்க டாக்டர் வந்தார். "ஊசிய நிறுத்துன்னு நான் சொல்லலையே சந்தனம்" என்றார். சந்தனம் தன் கையைப் பார்த்துக்கொண்டார். முயலை மாற்றிய கை யாருடையது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குப் போனார். வேலை பெர்மனென்ட் ஆகியிருந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணி. டாக்டர் மெட்ராசில். கஷாய வரிசையில் பத்துக் கூண்டும் காலி. பழக்கத்தில் கிண்ணங்களைக் கழுவித் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுத் திரும்பினார்.

நக்... நக்... நக்...

முதுகுக்குப் பின்னால்... காலிக் கூண்டுகளிலிருந்து... பத்துக் கிண்ணத்திலும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஊசி வரிசை முயல்கள் எல்லாம் ஒரு மூலையில் ஒடுங்கி நின்றன. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு மூச்சு... அது முயலின் மூச்சு இல்லை. பெண்பிள்ளை மூச்சு.

டாக்டரின் மேஜை மேல் ஒரு தாள் கிடந்தது. முந்தின இரண்டு நாளில் கஷாயம் வாங்கிப் போனவர்களின் பேரும் ஊரும். பதினோரு வீடு. அதை எடுத்துக்கொண்டு வெளியேறியவர் பிறகு அந்த பங்களாப் பக்கமே போகவில்லை.

முதல் வீடு வல்லத்திராக்கோட்டையில். மறுநாள் அவர் போய்ச் சேரும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. தொண்டை ஒட்டிக்கொண்டது.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு தாயி."

உண்ணாமலை என்ற அந்த வீட்டுக்காரி சொம்பு நிறையக் கொண்டு வந்தாள். அவள் புருஷன்தான் நோயாளி. தண்ணீரை வாங்கும் முன்பே சந்தனம் சொல்லிவிட்டார். "அந்தக் கஷாயத்தக் குடுக்காத தாயி. அதக் குடிச்ச மொசலெல்லாம் செத்துப்போச்சு. நான்தான் மாத்தி வச்சேன்."

வேறொரு ஆளிடம் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

உண்ணாமலை பதறவில்லை. "தெரியும்ங்க. நேத்து இதே நேரத்துக்கு ஒரு பொம்பள வந்து சொன்னாங்க. அப்பவே நிறுத்திட்டு ஊசிக்குப் போயிட்டோம். வந்தவங்க ரெண்டு குடம் தண்ணி குடிச்சாங்க. பாவம், என்ன தாகமோ!"

சந்தனம் கையை நீட்டினார். உண்ணாமலை சொம்பைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"உங்க பேரு சந்தனமா?"

"ஆமா..."

அவள் ஓர் எட்டுப் பின்னால் போனாள். "கோவிச்சுக்காதீங்க. அந்தம்மா போறப்ப ஒண்ணு சொன்னாங்க. சந்தனம்னு ஒரு ஆளு வருவாரு... அவருக்கு மட்டும் தண்ணி குடுத்துடாதீங்கன்னு..."

பதினோரு வீட்டுக்கும் போனார் சந்தனம். பதினோரு வீட்டிலும் கஷாயத்தைக் கொட்டிவிட்டிருந்தார்கள். பதினோரு வீட்டிலும் சொம்பு வாசல் வரைக்கும் வந்தது... வந்து, உள்ளே திரும்பிப் போனது.