மலர்க்கொடி கழட்டிகினு போன ரேமு

வாணாம் பிராங்க்ளினு, அந்த டப்பாவ உள்ள வை. புது ரேமு வாங்கவா நா நெட்டுக்குப்பத்துலேர்ந்து ஆட்டோ வச்சி, இந்த சிபியுவ மடியில குந்த வச்சிகினு வந்தேன்? நீ கடக்காரன், சரக்க காட்ற, தப்பில்ல. மொதல்ல நா சொல்றத கேளு. அந்த ஃபேன இந்தாண்ட திருப்பு, வேத்து ஊத்துது.

உள்ள ரேமு இல்லன்றது எனக்குத் தெரியாதா? போன மாசம் நீதான மாட்டி வுட்ட? போர்டு, ப்ராசசரு, ரேமு, மூணும் புச்சு. வெளி டப்பா மட்டும் பயசு. அந்த ரேமத்தான் என் பொண்டாட்டி கழட்டிகினு காசிமேட்ல அவங்கம்மா வூட்டுக்குப் பூட்டா. ஆமா, கோச்சிகினுதான். பின்ன ஆசையா எவளாவது ரேம கழட்டிகினு போவாளா?

சிரிக்காத நைனா. எனக்கு சோறு எறங்கல.

மலரு பேனர் டிசைன் பண்றான்னு உனக்குத் தெரியும்ல? காதுகுத்து, மஞ்சத்தண்ணி, கண்ணீர் அஞ்சலி, எங்க குப்பத்துல எல்லாம் அவ கைதான். அந்த பயைய மிஷின்ல ஒரு போட்டோவ தொறந்துட்டு, ஒல வச்சி, சோறு வடிச்சி, கொயம்பு எறக்கி வச்சிட்டு வந்து பாத்தா, அப்பதான் நெத்தி வரைக்கும் வந்துருக்கும். ஒரு ஆளு பொண்டாட்டி செத்துப் போச்சின்னு அஞ்சலி பேனர் கேட்டான். அது வர்றதுக்குள்ள ரெண்டாங்கல்யாணம் முடிவாயிடுச்சி அவனுக்கு. ரெண்டு பேனரையும் ஒண்ணா சுருட்டி குடுத்தா. அவன் எத்த எங்க கட்டுனானோ, போ.

அதான் மாத்திடலாம்னு மூணு பேரு கூட்டு சேந்தோம். போர்டு என்னுது. ப்ராசசரு என் மச்சான் வெற்றி, மலரோட அண்ணங்காரன், அவன் வாங்கிக் குடுத்தான். ரேமு மலரோடது, அவ சீட்டு எடுத்த துட்டுல வாங்குனது. கூட்டுன்னு வந்துட்டா பங்கு பிரிக்கணும்ல? கடல்ல எங்க பயக்கம் இன்னா? மீன வித்தா போட்டுக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, அப்பால ஆளுக்கு ஒரு பங்கு. அத்தயே வூட்லயும் போட்டேன். போர்டுதான் போட்டு. ப்ராசசரு எஞ்சினு. ரேமு வல. மச்சான்கூட கரீட்டுன்னு தலைய ஆட்னான்.

அவதான் ஒத்துக்கல. குந்தி வேல செய்ற ஆளுக்கு பங்கு எங்கன்னு கேட்டா. அதான் வலப் பங்கு வருதேன்னேன். போட்ல தண்ணி எறைக்கறவனுக்கே ஆள் பங்கு கீது, முதுவு ஒடிய பேனர் போட்றவளுக்கு இல்லியான்னா. அங்கதான் எனக்கு சனி நாக்குல வந்து குந்திச்சி. வூட்ல கீற பொம்பளய எவன்டி ஆளுன்னு கணக்குல சேப்பான்னுட்டேன்.

பாக்காத அப்டி. சொன்னது தப்புதான், நா இல்லன்னு சொல்லல.

அவ அடுப்ப அணைச்சா. ஸ்க்ரூ டிரைவர எடுத்தா. கூட்டு ஒடஞ்சா வல வச்சவன் வலய எடுத்துகினு போறதுதான எங்க ஊர் பயக்கம்? ரேம கழட்டி பர்ஸுல போட்டுகினு பஸ் ஏறிட்டா. மச்சான் சொல்றான், அவங்கம்மா அத்த உப்புக் காத்து படக்கூடாதுன்னு அரிசி டின்னுல பொதச்சி வச்சிகீதாம்.

பஞ்சாயத்துக்குப் போவாம இருப்பனா? போனேன். அவளயும் வர வச்சாங்க. பெரிய ஆளுங்க ரேம கை மாத்திப் பாத்தாங்க. ஒருத்தரு மோந்து பாத்தாரு. இன்னொருத்தரு இந்த வலயில மீனு சேர்ற மடி எந்தப் பக்கம்னு கேட்டாரு. வல அவளுது, அவ எங்க வேணா வச்சிக்கலாம்னு தீத்துட்டாங்க. சரி, அவ வூட்டுக்கு வரட்டுமேன்னு நா மெள்ளமா கேட்டேன். அதுக்கு அவ சொல்றா, போர்டு அவராண்ட கீது, ப்ராசசரு கீது, அதுங்களோட குடும்பம் நடத்தட்டும். பஞ்சாயத்தே சிரிச்சிடுச்சி பிராங்க்ளினு. என் மூஞ்சிய எங்க கொண்டு போய் வச்சிக்கறது?

இத்த எட்த்து நீட்டாதன்னு சொன்னன்ல. கெடக்கறது கெடக்கட்டும் கெயவிய தூக்கி மணையில வைன்னு, உனக்கு உன் ரேமுதான். அது நீலக் கலரு, இது பச்ச. கலருக்கும் வேலைக்கும் சம்மந்தம் இல்லியா? இருக்கட்டும், இருந்தாலும் கண்ண உறுத்துமில்ல? அது எந்த கம்பெனியோ எனக்கு இன்னா தெரியும், மாட்னவன் நீ. ஒரு போட்டுக்குப் பயகுன வல ஒண்ணுதான்.

தெனம் சாயந்திரம் நா ஆன் பண்றேன். ரேமு இல்லன்னா கூ, கூன்னு கத்துதுல்ல, தெருவே கேக்குது. பக்கத்து வூட்டு குப்பம்மாக்கா வந்து, இன்னா நீலமேகம், மலரு இல்லன்னு மிஷினு அயுவுதான்னு கேட்டுச்சி. ஆமாக்கா, அத்த மலராண்ட ஒரு போன் போட்டு சொல்லேன்னேன். அது போனும் போட்டுச்சி. அயுவட்டும்னுட்டாளாம்.

ஏய், ஏய், நா பேசிகினு கீறசொல்லோ நீ இன்னா பண்ற? யாரு உன்ன அத்த உள்ள மாட்ட சொன்னது? சத்தமே காணோம். ஐயோ, ஆன் ஆயிடுச்சா? ஆஃப் பண்ணு. கழட்டு, கழட்டு மொதல்ல. யாராவது பாத்துட போறாங்க. வாசல்ல யாரும் இல்லியே?

உக்காரு. சொல்லிட்றேன். அவ போன மறுநாளே நா மணலி பக்கம் ஒரு கடையில ரேமு வாங்கியாந்தேன். உன்னாண்ட வந்தா ஏன் எதுக்குன்னு கேப்ப, வெக்கமா இருந்திச்சி. நானே மாட்னேன். சோக்கா ஆன் ஆச்சி. அவ பாதியில வுட்ட காதுகுத்து பேனரு கீது. அவசரம்னு கேட்டவங்களாச்சே, நாமளே முடிச்சிடலாம்னு மவுஸ புடிச்சேன். தாய்மாமன் தலைய எங்க வைக்கறதுன்னு புரில. கொயந்த கயுத்துல வச்சிட்டேன். மீச வச்ச கொயந்த ஒண்ணு கொலுசு போட்டுகினு என்னியே பாக்குது. சிரிப்பு வந்திச்சி. திரும்பி, மலரு இங்க வந்து பாரேன்னேன். அவ எங்க கீறா?

அப்பதான் பயம் வந்திச்சி எனக்கு. வேற ரேமு போட்டாலும் இது ஓடுதுன்னு தெரிஞ்சா அவ இன்னாத்துக்கு வரணும்? பஞ்சாயத்தும் ஒண்ணும் சொல்லாது, எனக்கும் கூப்பிட ஒரு சாக்கு இருக்காது. கழட்டி முகத்துவாரத்துல வீசிட்டு வந்துட்டேன்.

அப்பாலதான் மச்சான் மூலியமா சொல்லி அனுப்புனேன். ஆள் பங்கு ஒண்ணில்ல, ரெண்டா எடுத்துக்க, ஆனா மிஷினுக்கு உன் ரேமுதான் சேரும், வேற எதப் போட்டாலும் ஏத்துக்கல, பிராங்க்ளினே கைய விரிச்சிட்டான், மார்க்கெட்லயே கெடைக்காதாம்னு. பங்க நா எடுத்துக்குவேன், குடுக்க அவரு யாருன்னாளாம். ரேமு விசயத்த மட்டும் பிராங்க்ளினாண்டயே நேர்ல கேக்கறேன்னுட்டா.

எப்பன்றியா? இப்பதான். வெற்றி ஆட்டோல கெளம்பிட்டாங்க. அதான் நா முந்திகினு ஓடியாந்தேன்.

நீ பொய் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கெயம கோயிலுக்குப் போற புள்ள. ஒரே ஒரு வார்த்த, இந்தப் போர்டுக்கு அந்த ரேமுதான்கா சேரும்னு சொல்லு. பாவம் என் கணக்குல வந்து வியட்டும். வூடு வெறிச்சோடி கீதுபா. அவ இல்லாம எனக்கு முடில.

இன்னொண்ணு. ஒருவேள அவ ரேமு இல்லாம வெறுங்கையோட வந்து எறங்குனான்னு வை, நா சொன்ன பொய்யெல்லாம் வுட்டுடு. இப்ப மாட்டுன பாரு, அத்தயே ஜல்தியா மாட்டிக் குடுத்துடு. அவ வந்தா போதும், ரேமு யாருதா இருந்தா இன்னா.