முகவரிக் கட்டத்தில் நான் எழுதியது

அவைக்குத் தலைமை தாங்கி, அளவோடு பேசும்படி எனக்குக் கண்ணாலேயே கட்டளையிட்டு அமர்ந்திருக்கும் வீடு காப்போர் ஒன்றியத்தின் தலைவி, சகோதரி சித்தி றலியா டீச்சர் அவர்களே! முன்வரிசைக் கதிரைகளை நிறைத்திருக்கும் பள்ளிவாசல், கோவில் பரிபாலன சபைப் பெரியோர்களே! பிலிமத்தலாவைக் கடைவீதியில் பாதி நாள் வியாபாரத்தைப் பூட்டிவிட்டு இந்த மண்டபத்துக்குப் படியேறி வந்திருக்கும் வர்த்தக அன்பர்களே! ஹந்தானை மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த உழைப்பாளித் தோழர்களே! எல்லோருக்கும் மேலாக, வீட்டுக்கு வெளிச்சமாக விளங்கும் என் தாய்மாரே! உங்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் உண்டாகட்டும். வணக்கம்.

இன்றைய துண்டுப்பிரசுரத்தில் என் பெயருக்கு முன்னால் ‘வங்கித்துறை வல்லுநர்’ என்று போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதைப் பேனாவால் அடித்துவிடுங்கள். நான் அஸீம். முப்பத்தொரு வருடங்கள் கண்டி நகரத்தின் ஒரு வங்கிக் கிளையில், வீட்டுக்கடன் மேசையில் இருந்தவன். போன வருடம் ஓய்வு பெற்றவன். ஆலோசனை சொல்ல நான் இங்கே வரவில்லை. செய்த பிழையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

என்ன தம்பி, பின்னால் இருந்து? ‘பேங்க் பேரச் சொல்லுங்க’ என்கிறீர்களா? சொல்லலாம். ஆனால் பெயர்களைச் சொல்லத் தொடங்கினால் முதலில் சொல்ல வேண்டியது என் பெயர். அதைத்தான் சொல்லிவிட்டேனே!

அன்பர்களே, வீடு என்றால் என்ன? வங்கியின் ஆவணத்தில் அது ஆதனம். மதிப்பீட்டாளரின் கண்ணில் அது பத்துப் பேர்ச்சஸ் நிலம். ஏலக்காரரின் வாயில் அது ஒரு தொகை. உள்ளே விளக்கேற்றி, உலை வைத்து, பிள்ளையின் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வைக்கிறாளே ஒருத்தி, அவளுக்கு மட்டுந்தான் அது வீடு! அப்படி ஒருத்தியின் கதையைத்தான், அவளுடைய அனுமதியோடு, உங்கள் முன் வைக்கிறேன்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, படித்து, பெரியாஸ்பத்திரியில் தாதியானவள் நிஷாந்தினி. கணவன் கணேஸ் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் வேன் ஓட்டுபவன். குண்டசாலையில் ஒரு சின்ன வீட்டைப் பார்த்து, அதை ஈடு வைத்து வாங்கவென்று இருவரும் என் மேசைக்கு முன்னால் வந்து அமர்ந்தார்கள். நான்தான் படிவத்தை நிரப்பினேன். முகவரிக் கட்டம் வந்தது.

“சேர், புது வீட்டு அட்ரஸையே போட்டுருங்க. அடுத்த மாசம் நாங்க அங்க போறோம்” என்றாள் அவள்.

“ஐடியில ஈக்கிறதத்தான் போடோணும் மகள். பொறகு மாத்தேலும்” என்றேன் நான்.

அது எங்கள் வழக்கம். அடையாள அட்டையில் எது இருக்கிறதோ அதுவே படிவத்திலும் இருக்க வேண்டும். ஆகவே ஹந்தானை, இத்தனையாம் இலக்க லயம் என்று என் கையால் எழுதினேன். எந்த வீட்டை நம்பிக் கடன் கொடுத்தோமோ, அந்த வீட்டுக்குக் கடிதம் போகாதபடி எழுதினேன்! பொறகு மாத்தேலும் என்றேனே, அந்தப் ‘பொறகு’ எந்த நாட்காட்டியிலும் வரவில்லை. அவளும் மறந்தாள். நினைவூட்ட வேண்டிய நானும் மறந்தேன்.

பிறகு வந்தது அந்தப் பொல்லாத வருடம். பெற்றோலுக்கு வரிசை, பாணுக்கு வரிசை, மருந்துக்கு வரிசை. பயணிகள் இல்லை, கணேஸின் வேன் முற்றத்தில் நின்றது. ஆனால் வட்டி நின்றதா? ஏறியது! ஏறி ஏறி, மாதத் தவணை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. கடன் கொடுத்த நாளில், ‘வட்டி மாறும், மாறினால் தவணை இவ்வளவுக்கும் போகலாம்’ என்று நான் அவளுக்குச் சொன்னேனா? சொல்லவில்லை. கடன் ஒப்பந்தத்தின் இருபத்து மூன்றாம் பக்கத்தில் அச்சிட்டிருந்தது. தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

அவள் ஓடி ஒளிந்தாளா? இல்லை! மாதந்தோறும், வேலை முடிந்து, சீருடைக்கு மேல் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து, முடிந்ததைக் கட்டினாள். காசாளர் வாங்கினார், பற்றுச்சீட்டு கொடுத்தார். என் மேசை அங்கிருந்து பத்தடி. “எப்படி மகள், சுகமா?” என்று கேட்பேன். “சுகம் சேர்” என்பாள். ஒரு நாள் அப்படிக் கேட்டபோது, ஏலத்துக்குப் போகும் வீடுகளின் பட்டியல் என் மேசையில் கிடந்தது. ஐந்தாவது வரியில் அவளுடைய பெயர். கடன் மீட்புப் பிரிவுக்காரர்கள் கடிதம் அனுப்பியிருப்பார்கள்தானே? தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். பட்டியலை மறைத்து அதன் மேல் வேறொரு கோப்பினை வைத்தேன். அவ்வளவுதான், அன்பர்களே. என் வாழ்நாளில் நான் செய்த மிகப் பெரிய அநியாயம், ஒரு கோப்பினை இடம் மாற்றி வைத்ததுதான்.

கடிதங்கள் போகாமல் இல்லை. ஐந்து போயின, ஐந்தும் பதிவுத் தபாலில். தோட்ட ஆபீஸில் கைநாட்டு வைத்து வாங்கியவர் அவளுடைய தகப்பனார் கறுப்பையா. எந்த மொழியிலும் எழுத்து வாசிக்கத் தெரியாதவர். வங்கி முத்திரையைப் பார்த்தார். வீட்டு உறுதிப் பத்திரந்தான் தவணை தவணையாக வருகிறது என்று நம்பினார். சாமிப் படத்துக்குக் கீழே, அலுமாரியில், பொலித்தீன் பையில் சுற்றி வைத்தார்.

எல்லாம் முடிந்த பிறகு நான் போய்க் கேட்டபோது அந்த மனிதர் சொன்னதைக் கேளுங்கள்: “மழைக்கு நனஞ்சிறக் கூடாதுன்னு வச்சேங்க. மககிட்டயும் போன்ல சொன்னேன், பேங்கு பேப்பரெல்லாம் எங்கிட்டப் பத்திரமா இருக்குன்னு.”

மகளோ, கடன் எடுத்தபோது கொடுத்த நகல்களைத்தான் அப்பா சொல்கிறார் என்று நினைத்தாள். மாதந்தோறும் வங்கிக்குப் போகிறோம், ஏதும் இருந்தால் அங்கேயே சொல்வார்களே என்று நினைத்தாள். பிழையா? நீங்களே சொல்லுங்கள், அது பிழையா?

நீதிமன்றப் படி ஏறாமல், நீதிபதி முகம் பாராமல் ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் இருந்தது. விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குண்டசாலை வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. வழி கேட்டு வந்தவர்களாக்கும் என்று நிஷாந்தினி உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். வந்த பெண் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் அழுதாளாம். வீட்டை வாங்கியவர்கள் அவர்கள்! உள்ளே ஆள் இருக்கிறதென்று அவர்களுக்கும் எவரும் சொல்லவில்லை.

பத்திரிகையில் போட்டோம் என்றார்கள். அரசாங்க வர்த்தமானியில் போட்டோம் என்றார்கள். கதவை யார் தட்டினார்? பதிவுத் தபாலில் போட்டோம் என்றார்கள். கதவை யார் தட்டினார்? சட்டப்படி எல்லாம் சரி என்றார்கள். கண்டியிலிருந்து குண்டசாலைக்கு அரை மணி நேர பஸ் பயணம். கதவை யார் தட்டினார்?

கடனைக் கட்ட வேண்டாம் என்று சொல்ல இங்கே ஒருவரும் கூடவில்லை. கட்டுவோம், கட்ட வழி விடுங்கள் என்கிறோம். ஆட்கள் குடியிருக்கும் வீட்டை ஏலம் போடுவதற்கு முன் ஓர் அலுவலர் அந்த வீட்டுக்கே போகட்டும். அவர்களுடைய மொழியில் சொல்லி, அவர்களுடைய கையில் கடிதத்தைக் கொடுத்து, ஒப்பம் வாங்கட்டும். தவணையைத் திருத்தி அமைக்க அவர்களோடு உட்கார்ந்து பேசட்டும். அதற்கும் வழியில்லை என்றால் ஒரு நீதிபதி இரு தரப்பையும் கேட்கட்டும். வட்டி எங்கே வரை ஏறலாம் என்பதை முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் போடட்டும். இது பேராசையா?

கை தட்டாதீர்கள், தயவுசெய்து. மூன்றாவது வரிசையில் அவள் இருக்கிறாள்.

இன்று காலை என்னிடம் அவள் சொன்னது ஒரே ஒரு வசனம்: “சேர், அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.” அந்த வீடு இனித் திரும்பாது. நடந்ததையெல்லாம் சத்தியம் செய்து, சத்தியக் கடதாசியில் எழுதி, நாம் அனுப்பப் போகும் கோரிக்கை மகஜரோடு இணைத்திருக்கிறேன். ஓய்வூதியத்துக்கு ஏதும் பங்கம் வந்தால் வரட்டும் என்று என் மனைவி ருக்கியாவும் சொல்லிவிட்டார்.

மகஜர் வாசலருகே மேசையில் இருக்கிறது. ஒப்பமிடும்போது அடையாள அட்டையைப் பார்த்து முகவரியை எழுதாதீர்கள். இன்றிரவு நீங்கள் தலை சாய்க்கும் வீடு எதுவோ, அதை எழுதுங்கள். முதல் ஒப்பம் நிஷாந்தினியுடையது. நான் பார்த்தேன். ஹந்தானை, லய இலக்கம், அப்பாவின் காம்பரா. ஏழு வருடத்துக்கு முன் நான் பிழையாக எழுதிய முகவரி, அன்பர்களே, இன்றைக்குச் சரியாகிவிட்டது.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த தலைவி அவர்களுக்கும் நன்றி. எல்லோரும் பத்திரமாக உங்கள் உங்கள் வீடு போய்ச் சேருங்கள். வணக்கம், வஸ்ஸலாம்.